பதினோராவது பெயர்

எங்கள் பிஷப்பாக இருந்து காலமான அத்தியட்சர் ஐயாவின் நினைவு மலருக்கு 'அன்னாரின் அருங்குணங்கள்' என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டு எனக்கு மூன்று கடிதம் வந்துவிட்டது. உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் பழைய எரிச்சலெல்லாம் திரும்பி வந்தது. அந்த மனிதரோடு பதினாறு வருஷம் மலை மலையாக அலைந்தவன் நான். அவருடைய அருங்குணங்களால் அதிகம் கஷ்டப்பட்டவனும் நானே. ஆகவே மலரை விட்டுவிட்டு, உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். மலர்க்காரர்களுக்கு வேண்டுமானால் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நான் படித்தது தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. பிறகு லொறியில் கிளீனர், பட்டிப்பொலயில் ரயில் பாதைக்குக் கல் கொட்டும் வேலை, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் அடுப்படி. ஓர் இடத்தில் ஒரு வருஷம் கால் தரித்ததில்லை. உபதேசியார் வேலை என்றால் தோட்டம் தோட்டமாக நடந்துகொண்டே இருக்கலாம் என்று கேள்விப்பட்டுத்தான் இதில் சேர்ந்தேன். பக்தி பிறகு வந்தது, அதுவும் மெதுவாகத்தான் வந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இப்போது இல்லை.

சுதந்திரம் கிடைத்த மறு மழைக்காலத்தில் அவர் எங்கள் பக்கத்துக்குப் புதிய குருவானவராக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, காலில் பெரிய சப்பாத்து. அவர் பேசும் தமிழ் எங்கள் சனங்களுக்குப் பாதி விளங்காது. எங்கள் சனங்கள் பேசுவது அவருக்கு முக்கால்வாசி விளங்காது. நடுவில் நான். என்னை அவர் 'நீர்', 'வாரும்', 'போம்' என்றுதான் கூப்பிடுவார். அது அவர்கள் ஊரில் மரியாதையாம். முதல் ஆறு மாதம் நான் அதை ஏச்சு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு பெண் சாகக் கிடக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல மழை. தோட்டத்து எல்லையில் நான் அவரை நிறுத்தினேன்.

"ஐயா, மொதல்ல பங்களாவுக்குப் போயி தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு, அப்புறம் லயத்துக்குப் போவோம்ங்க."

"ஏன்?"

"அதாங்க வழக்கம். வெளி ஆளு யாரு உள்ள வந்தாலும் தொரைக்குத் தெரியணும். மாமன் மச்சான் வந்தாக்கூட கேட்டுத்தான் வரணும்ங்க."

"அந்த மனுசி துரையைக் கேட்டோ சாகிறா?" என்றவர், விறுவிறென்று லயத்துக்கே நடந்தார்.

அந்தப் பெண் அவர் ஜெபம் பண்ணி முடித்த பிறகு இறந்தாள். அந்த மட்டில் அவர் செய்தது சரிதான். ஆனால் காவல்காரன் போய்ச் சொல்ல, அந்தத் தோட்டத்துக்குள் நாங்கள் இருவரும் மூன்று மாதம் காலடி வைக்கக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. அந்த மூன்று மாதத்துக்குள் அங்கே ஒரு குழந்தை ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தது. தகப்பன் எல்லையில் வந்து நின்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று நான் ஒரு பாடம் படித்தேன்: எது எப்படிப் போனாலும் பங்களாவைப் பகைத்துக்கொள்ளக்கூடாது. பிழையான பாடத்தை இவ்வளவு நன்றாகப் படித்தவன் என்னைப் போல் இருக்க மாட்டான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சில வருஷம் கழித்து அவரை உதவி அத்தியட்சராக்கினார்கள். இனிக் கொழும்பில் மேசைக்கு முன்னால் இருப்பார், நமக்கு நிம்மதி என்று நினைத்தேன். தோட்டங்களைப் பார்க்கிற பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அத்தியட்சரானதும் அவருக்கு ஒரு கோல் வந்தது. மேய்ப்பன் கோல். மூன்று துண்டாகக் கழற்றி ஒரு நீளப் பெட்டியில் வைக்கலாம், போன இடத்தில் திருகிப் பூட்டலாம். அந்தப் பெட்டி என் தோளில். கூர்த் தொப்பிக்கு ஒரு பெட்டி, அது என் கையில். ஒரு தடவை ஹட்டன் ஸ்டேஷனில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நான் காத்து நிற்கிறேன், ரயில் வந்தது, போனது, அவர் இறங்கவில்லை. தூங்கிப்போய்ப் பட்டிப்பொலயில் குளிரில் கண் விழித்து, அங்கே இறங்கி, ரயில் பாதைக் கூலிகளோடு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இங்கே தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் அவருக்காக நாற்பது பேர் வெயிலில் காத்து நின்றார்கள். மறுநாள் வந்து என்னிடம் சொல்கிறார், "உம்மடை பழைய கூட்டாளிமாரைக் கண்டனான், சுகமாயிருக்கினம்" என்று. இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

திடப்படுத்தல் ஆராதனையில் தலையில் கை வைக்க அத்தியட்சரால் மட்டும்தான் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். அது ஆகாதவர்களுக்கு நற்கருணை இல்லை. எங்கள் வட்டத்தில் அது ஆகாத பெண்ணுக்குக் கோயிலில் கலியாணமும் வைப்பதில்லை. அத்தியட்சர் ஒரு தோட்டத்துக்கு வந்தால் மறுபடி வர மூன்று வருஷம் ஆகும். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் பட்டணத்துக் கோயில்களுக்கு. எங்களுக்குக் கிடைப்பது ஒரு வெள்ளிக்கிழமை, வேலை நாள். வேலை நாள் என்றால், திடப்படுத்தலுக்கு வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க முடியாது. ஆகவே உபதேசியார் பட்டியல் எழுதித் தோட்டத்து ஆபீசுக்குக் கொடுப்பார். அதில் பெயர் உள்ளவர்களுக்கு மத்தியானம் வரை விடுதலை, வேலைக்கு வந்ததாகவே முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, போடுவார்கள். இன்னொரு பட்டியல் எழுதி அத்தியட்சருக்கு அனுப்புவோம். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் சவுக்குமலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே லயத்துக் கோடி அறையில் தங்கியிருந்தேன். அந்த வருஷம் எங்கள் வட்டத்துக்குக் குருவானவரும் இல்லை. பாடம் சொல்லிக் கொடுத்ததும் நான், பட்டியல் எழுதியதும் நான். பதினொரு பேர். பதினோராவது பெயர் சாராள். யாக்கோபுவின் மூத்த மகள், பதினெட்டு வயது. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். திடப்படுத்தல் ஆனதும் மறு மாதம் கலியாணம்.

அத்தியட்சருக்குப் பட்டியலை அனுப்பிய பிறகு யாக்கோபுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தகராறு வந்தது. நிறை மாதக்காரியான ஒரு பெண்ணைச் சரிவான மலைக்கு அனுப்பியதற்கு யாக்கோபு சண்டை போட்டு, கணக்கப்பிள்ளையின் கைத்தடியைப் பிடுங்கி முறித்துப் போட்டான். அவனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டு வந்தால் வேலையும் இல்லை, குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்லை. பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குள் மறுபடி கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. மனைவி, இரண்டு பெண்களோடு அவன் மெயின் ரோட்டில், ஒரு சிங்கள முதலாளியின் தேநீர்க் கடைக்குப் பின்னால் இருந்த தகரச் சாய்ப்பில் போய் இருந்தான். சாராளுக்கு இனிக் கலியாணம் என்பது கலியாணம் மட்டும் அல்ல. மாப்பிள்ளையின் தோட்டத்தில் அவளுக்குப் பேர் பதிவார்கள், தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மூன்று வருஷம் காத்திருக்க மாட்டார்கள்.

நான் ஆபீசுப் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பெரிய கிளாக்கர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க உபதேசியாரே, யாக்கோபு மக பேரு இருக்கு? தொரை பாத்தா கோயிலயும் மூடிருவாரு" என்றார். அவர் எனக்கு உத்தரவு ஒன்றும் போடவில்லை. அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் மேசையிலிருந்த பேனாவையே எடுத்து, சாராள் பெயரில் கோடு போட்டுவிட்டேன். எல்லையில் வந்து நின்ற அந்தத் தகப்பனின் முகம்தான் அப்போது கண்ணுக்கு முன் நின்றது. பத்துப் பேருக்காக ஒருத்தி என்று கணக்குப் பார்த்தேன். அத்தியட்சரிடம் இருந்த பட்டியலில் பதினொரு பெயர் இருப்பதை மறந்து போனேன். சாராளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்கினார். அதுவே எனக்கு ஆச்சரியம். வழக்கப்படி முதலில் பங்களாவில் தேநீர். பிறகு கோயில். எங்கள் கோயிலில் உட்கார நீள மர வாங்குதான் உண்டு. அத்தியட்சர் உட்காருவதற்குப் பங்களா விறாந்தையிலிருந்து சிவப்பு மெத்தை வைத்த ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தோம். பெரிய துரை முன் வாங்கில். பத்துப் பேர் வெள்ளை உடுத்தி முழங்காலில்.

அவர் அங்கியிலிருந்து தாளை எடுத்து விரித்தார். தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பதினோராம் ஆள் எங்கை?"

நான் பக்கத்தில் போய் மெதுவாக, "வரலைங்க ஐயா" என்றேன்.

"ஏன் வரேல்லை?"

"ஒடம்புக்குச் சரியில்லைங்க."

பலிபீடத்துக்கு முன்னால் நின்று சொன்ன பொய். பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. கொழுந்து பறிக்கும் கூட்டத்தில் மூத்தவள், மரியாயி அக்கா. அவள் வாய்க்குக் கங்காணிகளே ஒதுங்கிப் போவார்கள்.

"யாருக்கு ஒடம்புக்குச் சரியில்ல? சாராளுக்கா? அந்தப் புள்ள வெள்ளச் சேல கட்டிக்கிட்டு வெள்ளன ஆறு மணியிலருந்து கேட்டுக்கு வெளிய நிக்கிது. காவக்காரன் உள்ள விடல. உபதேசியாரே, ஒங்களுக்குத்தான் சரியில்ல போல, மொகமெல்லாம் வேர்க்குது!"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். பெரிய துரை எழுந்து, அந்தக் குடும்பம் இப்போது தோட்டத்து ஆட்கள் இல்லை, உள்ளே வர அனுமதி இல்லை என்று இங்கிலீசில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போல் சொன்னார்.

அத்தியட்சர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பத்துப் பேர் தலையிலும் ஒவ்வொருவராகக் கை வைத்து முடித்தார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. இனி ஆசீர்வாதம் சொன்னால் முடிந்தது.

அவர் ஆசீர்வாதம் சொல்லவில்லை. கோலை எடுத்தார், நடு வழியே நடந்து வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றார்.

"ஆராதனை இன்னும் முடியேல்லை. உபதேசியார், நாற்காலியைத் தூக்கும்."

"ஐயா, அது பங்களா நாற்காலிங்க."

"தூக்கும் காணும்."

தூக்கினேன். தலையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன். "நாற்காலி! நாற்காலி!" என்று துரை தமிழில் கத்தியது முதுகில் கேட்டது. கோயிலிலிருந்து கேட்டுக்கு ஒரு மைல். மழை பிடித்துக்கொண்டது. கூர்த் தொப்பியும் சரிகை அங்கியுமாக அவர் முன்னால், நாற்காலியும் நானும் அடுத்து, பின்னால் பத்து வெள்ளைச் சேலை வேட்டி, அதற்குப் பின் அறுபது சனம். மெத்தை தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. கழுத்து ஒடிகிறது. அந்த மனிதரை அன்று நான் மனதுக்குள் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

கேட்டைத் தாண்டினால் அரசாங்க ரோட்டு. அங்கே துரையின் உத்தரவு செல்லாது. ரோட்டோரத்து மதகுக்குப் பக்கத்தில் சாராள் நின்றாள். சேலை முழங்கால் வரை சேறு. பக்கத்தில் யாக்கோபு. என்னைக் கண்டதும் அவன்தான் முதலில் பேசினான்.

"வாங்க உபதேசியாரே, பேர வெட்டுனது நீங்க, நாக்காலி தூக்குறதும் நீங்களா? நல்ல வேலதான் ஒங்களுது."

நான் நாற்காலியை இறக்கி வைத்தேன். அத்தியட்சர் உட்கார்ந்தார். ஹட்டன் பஸ் வந்து வழி இல்லாமல் நின்றது. கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "மொகத மே, பெரஹெரக்த?" என்று சிங்களத்தில் கேட்டான், என்ன இது, பெரஹெரா ஊர்வலமா என்று. தேநீர்க் கடை முதலாளி ஒரு குடையைக் கொண்டு ஓடி வந்து அத்தியட்சர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கொண்டக்டரைப் பார்த்து வாயை மூடு என்று சைகை காட்டினார்.

"இந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும்," என்றார் அத்தியட்சர் என்னிடம். "படிப்பிச்சது நீர். கொண்டு வந்து நிறுத்த வேண்டியதும் நீர்."

ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? பஸ்ஸில் இருந்தவர்கள், தோட்டத்துச் சனங்கள், யாக்கோபு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாயி அக்காதான் பின்னாலிருந்து, "கூப்புடுங்க, மழ கொட்டுது" என்று இடித்தாள். "சாராள்" என்றேன். அவள் தார் ரோட்டில் முழங்கால் போட்டாள். அவர் கை வைத்தார். பிறகு எல்லோருக்குமாக அங்கேயே ஆசீர்வாதம் சொன்னார். பஸ்ஸுக்கு வழி விட்டோம். அந்தப் பஸ்ஸிலேயே ஏறி அவர் ஹட்டனுக்குப் போய்விட்டார்.

தம்பிமாரே, தங்கைமாரே, மலரில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். மழையில் நடந்த மேய்ப்பன் என்று ஒரு படமும் போடுவார்கள். நான் நிறுத்த முடியாது, ஏனென்றால் நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.

மத்தியானத்துக்குள் மலைக்குத் திரும்பாததால் அறுபது பேருக்கும் அன்று அரைப் பேர்தான் போட்டார்கள். மறுநாள் கோயில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே உர மூட்டை அடுக்கினார்கள். என் அறையை ஒரு வாரத்துக்குள் காலி பண்ணச் சொன்னார்கள். எனக்கு அது பழக்கம், ஒரு பெட்டி ஒரு பாய். ஆனால் அந்தச் சனங்கள் ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கடைக்குப் பின்னாலிருந்த தகரச் சாய்ப்புக்கு நடந்து வந்தார்கள். நாற்காலியைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தது. மெத்தை அழுகிப் போயிருந்தது.

சாராள் கலியாணம் அடுத்த மாதமே திம்புள்ளப் பக்கத்தில் நடந்தது. பேரும் பதிந்தார்கள், காம்பராவும் கிடைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் அடுத்த தடவை ஹட்டனில் இறங்கியபோது நான் பெட்டிக்குக் கை நீட்டவில்லை.

"என்ன காணும், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"நீங்க பஸ் ஏறிட்டீங்க ஐயா. நாங்க அங்கயே இருந்தோம். அறுவது பேருக்கு அரப்பேரு. கோயில்ல ஒர மூட்ட. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் பிளாட்பாரத்து வாங்கில் உட்கார்ந்தார். குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"ஓம். பிழை விட்டிட்டன்," என்றார். "ரோட்டுக்கு நடந்தது பிழையில்லை. ஆரைக் கேட்டு நடந்தனான்? அந்தச் சனத்தை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. எனக்குப் பின்னாலை வருவினம் எண்டு நானே நினைச்சிட்டன்."

எனக்குக் கோபம் இறங்கத் தொடங்கிய நேரத்தில் அவர் நிமிர்ந்து, "நீர் மட்டும் திறமோ? ரெண்டு பட்டியல் எழுதின ஆள். துரைக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. இனிமேல் ஒண்டு எழுதும்" என்றார். மறுபடி கோபம் வந்தது. சரியான பேச்சு என்பதால்தான் வந்தது. கோல் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் எழுதி, துரை எழுதி, மறுபடி அவர் எழுதி, ஒன்றரை வருஷத்தில் கோயிலைத் திறக்கச் சம்மதித்தார்கள். ஒரு நிபந்தனை: யாக்கோபு குடும்பத்தார் உள்ளே வரக்கூடாது. ஒத்துக்கொள்வதா என்று கேட்டு அத்தியட்சர் எனக்கு எழுதினார். நான் உடனே பதில் எழுதவில்லை. லயம் லயமாகப் போய்ச் சனங்களைக் கேட்டேன்.

"தொறக்கட்டும்," என்றாள் மரியாயி அக்கா. "சாவி மொதல்ல நம்ம கைக்கு வரட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்." தகரச் சாய்ப்பில் யாக்கோபும் அதையே சொன்னான். அப்படியே எழுதினேன், கோயில் திறந்தது.

மூன்று வருஷம் முடிந்து மறுபடி திடப்படுத்தல் வந்தது. அதே தோட்டம், அதே துரை, அதே வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை ஒன்பது பேர். அதில் ஒரு பெயர் மார்த்தாள், சாராளின் தங்கை. இன்னும் அந்தத் தகரச் சாய்ப்பில்தான் இருந்தார்கள். நான் ஒரே ஒரு தாளில் எழுதினேன். மார்த்தாள் பெயரையும் எழுதி, அதையே ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய கிளாக்கர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் அந்தப் பெயரில் சிவப்புப் பென்சில் கோட்டோடு தாள் திரும்பி வந்தது. கோடு போட்டது இந்தத் தடவை என் கை இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு மற்ற எட்டு வீட்டுக்கும் போனேன். போன தடவை நடந்ததையும் இந்தத் தடவை நடக்கக்கூடியதையும் ஒளிக்காமல் சொன்னேன். அரைப் பேர் போகலாம், கோயில் மறுபடி போகலாம், வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது என்றேன். ஒருவன் மட்டும் யோசித்தான். அவன் மகள் உள்ளிருந்து, "நான் மார்த்தாகூடத்தான் முழங்கா போடுவேன்" என்றாள். கடைசியில் மரியாயி அக்கா வீட்டுக்கு வந்தேன். அவள் பேத்தியும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி.

"அன்னைக்கு மழையில ஒரு மைலு எறங்கி, மறுபடி ஒரு மைலு ஏறி, என் முழங்கா செத்தே போச்சு," என்றாள். "மேல போயி, எறங்கி, ஏறி, என்னாத்துக்கு இந்தக் கூத்து? இந்தத் தடவ மொதல்லயே கீழ போயிருவோம். பிஷப்பு ஐயாவுக்கும் வயசாச்சு, பாவம்."

வெள்ளிக்கிழமை காலை நான் மதகடியில் நின்றேன். பஸ் வந்தது. அவர் இறங்கினார். மெலிவு கூடியிருந்தது, சப்பாத்து மட்டும் அதே பெரிய சப்பாத்து. பெட்டிகளை வாங்கிக்கொண்டு தாளைக் கொடுத்தேன். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். நீளமாக மூச்சு விட்டார்.

"மேலை ஒரு மைல், கீழை ஒரு மைல். அப்பிடித்தானே?"

"நடக்க வேண்டாம்ங்க ஐயா."

கடைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். ஒன்பது பேரும் வெள்ளை உடுத்தி ரோட்டோரமாக வரிசையாக நின்றார்கள். மார்த்தாள் நடுவில். பின்னால் வீட்டார். முதலாளி கடையைச் சாத்திவிட்டு, மழையே இல்லாத நாளில் குடையோடு நின்றார்.

அத்தியட்சர் அவர்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முதல் பங்களாவுக்கெல்லோ போக வேணும்? அதுதானே உம்மடை வழக்கம்?"

"பங்களாவுக்கு ஆள் அனுப்பியிருக்கேன்ங்க ஐயா. தொரைய ரோட்டுக்கு வரச் சொல்லி."

"நீர் என்னிலும் பார்க்க மோசமான ஆள்," என்றார். "நாற்காலி எங்கை?"

"இல்லைங்க. மதகுக் கட்டு இருக்கு."

கோலைத் திருகிப் பூட்டிக் கையில் கொடுத்தேன். பனியில் நனைந்த சிமெந்துக் கட்டில் சரிகை அங்கியோடு உட்கார்ந்தார். முனகிக்கொண்டே ஒரு தடவை நகர்ந்து உட்கார்ந்தார்.

"கூப்பிடும்," என்றார்.

நான் தாளை விரித்து, சிவப்புக் கோடு போட்டிருந்த பெயரிலிருந்து தொடங்கினேன்.